ஜப்பான் கேரக்டர் கஃபே போறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டோக்கியோ பக்கம்தான் இருக்கேன், மிஃபி, மூமின், போக்கிமான்னு கதை, கார்ட்டூன்ல வர்ற பொம்மைங்க பேர்ல நடக்குற கஃபே எதையும் விடுறதில்ல. வந்த கேள்விக்கெல்லாம் பதில் கீழ.

அக்கா, புக் பண்ணாம நேரா போய் நின்னா உள்ள விடுவாங்களா?

சில இடத்துல விடுவாங்க, ஆனா அத நம்பி பிளான் போடாதீங்க. போக்கிமான் கஃபே எடுத்துக்கோங்க, போற தேதிக்கு 31 நாள் முன்னாடி ஜப்பான் நேரம் சாயங்காலம் 6 மணிக்கு ஆன்லைன் புக்கிங் திறக்கும், இந்தியால அப்போ மத்தியானம் 2:30, கொஞ்சம் அசந்தா காலி. சீட் 90 நிமிஷம்தான். கிடைக்கலன்னா விட்றாதீங்க, கேன்சல் ஆன சீட் திரும்ப வரும், அப்பப்போ பேஜ திறந்து பாருங்க. அப்புறம் நெறைய கஃபே ஒண்ணு ரெண்டு மாசம் மட்டும் நடக்குற டைப், ஃப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி முடியுற தேதிய பாத்துடுங்க.

நாங்க சுத்த சைவம், முட்டை கூட இல்ல. ஏதாவது கிடைக்குமா?

உண்மைய சொல்லணும்னா கஷ்டம்ங்க. மீன் போட்டு காய்ச்சுன தாஷி தண்ணி சூப்புல, சாஸ்ல எல்லாம் கலந்திருக்கும், சோத்துக்கு ஊத்துற ஜப்பான் கர்ரி சாஸ்ல மாட்டு சாறு இருக்கும், பான்கேக்ல முட்டை. பாக்க அழகா ஆடிட்டு இருக்குற அந்த மூஸ், மேல மெதக்குற மார்ஷ்மல்லோ மூஞ்சி, அதெல்லாம் ஜெலட்டின், அதாவது மாடு, பன்றி தோல், எலும்புல இருந்து எடுக்குறது. எந்த சாப்பாட்டுல என்ன கலந்திருக்குன்னு காட்டுற அலர்ஜி சார்ட் இருக்கான்னு கேளுங்க, மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின்னு தனித்தனியா போட்டிருந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, தாஷிக்கு போடுற கட்சுவோ மீன் அந்த அலர்ஜி லிஸ்ட்லயே கிடையாது, அதனால சார்ட்ல டிக் இல்லன்னா சைவம்னு முடிவு பண்ணிடாதீங்க. வெளியில வயித்த நிரப்பிட்டு வந்து இங்க ஒரு ட்ரிங்க் மட்டும் வாங்குங்க, அதுதான் சேஃப்.

சாப்பாடு டேஸ்டா இருக்குமா சிஸ்? காசுக்கு வொர்த்தா?

டேஸ்ட் சுமார்தான். ஆனா அந்த கேரக்டர மொதல்ல வரைஞ்சவரோட கைவண்ணம் தட்டுல தெரியுதான்னு தேடி பாருங்க, எனக்கு அதுக்கே காசு சரியாப் போச்சு. மிஃபிங்குற முயல 1955ல வரைஞ்ச டிக் புரூனா நெதர்லாந்துக்காரர், எதையும் கொறச்சு கொறச்சு வரையுற ஆளு, கண்ணுக்கு ரெண்டு புள்ளி, வாய்க்கு ஒரு பெருக்கல் குறி, அவ்ளோதான், முயல் எப்பவும் நம்மளதான் நேரா பாக்கும். அதனால சோத்த ரெண்டு காதோட உருட்டி வெச்சு கடல்பாசி தாள வெட்டி மூணு துண்டு ஒட்டுனா மிஃபி வந்துடுச்சு. ஆனா அந்த புள்ளி துளி தள்ளிப் போச்சுன்னா அது வேற முயல்! கோடு நெறைய இருக்குற கேரக்டர்னா தட்டுல வரைய முடியாது, பிரிண்ட் பண்ண தாள சொருகி வெச்சுடுவாங்க, அது எனக்கு ஏமாத்து வேலையாதான் தெரியும். நீலக் கலர் சோறு, நீல ஜூஸ் பாத்து பயப்படாதீங்க, நெறைய இடத்துல அது நம்ம சங்குப்பூதான், எலுமிச்சை ஊத்துனா ஊதாவா மாறும்.

தனியா போறேன், பொம்மை கஃபேல ஒத்தையா உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களா அண்ணி?

யாரும் கண்டுக்க மாட்டாங்கம்மா. டோக்கியோ மூமின் கஃபேல தனியா வர்றவங்களுக்கு எதிர் சீட்ல பெரிய மூமின் பொம்மைய கொண்டு வந்து உக்கார வெச்சாங்க, அந்த போட்டோ உலகம் பூரா சுத்துச்சு. மூமின் இன்னும் வேணும்னா டோக்கியோவுக்கு பக்கத்துல சைதாமா மாகாணத்துல ஹன்னோ ஊர்ல 2019ல திறந்த மூமின்வேலி பார்க் இருக்கு, டோக்கியோ இகெபுகுரோ ஸ்டேஷன்ல இருந்து செய்பு கம்பெனி ரயில், அப்புறம் பஸ். முழு நாள் ஒதுக்குங்க.

ட்ரிங்க் வாங்குனா டம்ளர் அடியில வைக்குற கோஸ்டர் அட்டை தர்றாங்களே, பிடிச்ச கேரக்டர் கேட்டு வாங்கலாமா?

பெரும்பாலும் முடியாது, அவங்க எடுத்து தர்றதுதான். அதுக்காக நாலு ட்ரிங்க் குடிக்காதீங்க ப்ளீஸ். பக்கத்து டேபிள்ல மாத்திக்கலாமான்னு கேக்குறதுக்கு முன்னாடி போர்டு பாருங்க, சில கடைல உள்ள மாத்திக்க கூடாதுன்னே எழுதி இருக்கும், அங்க வாசலுக்கு வெளிய போய் மாத்திக்கோங்க.

போட்டோ?

உங்க தட்டு, உங்க பொம்மை தாராளமா. அடுத்தவங்க மூஞ்சி விழாம பாத்துக்கோங்க, வீடியோன்னா ஸ்டாஃப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஐஸ்க்ரீம் மூஞ்சின்னா மொதல்ல அத எடுத்துடுங்க, ரெண்டு நிமிஷத்துல கண்ணு வழிஞ்சு தாடைக்கு வந்துடும்.