சிங்கப்பூரில் சாதாரணப் பொருட்கள்கூட யானை விலை என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் அப்படியில்லை. அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாமே இறக்குமதிதான் என்றாலும் அவற்றுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் வாங்கி வீட்டில் சமைத்தால் சமாளித்துவிடலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுப்பது தண்டச் செலவு. கையைக் கடிப்பது கடை வாடகையும் ஆள் கூலியும் ஏறிய பொருட்கள், பிறகு அரசே வேண்டுமென்று தீர்வை போட்டு விலையேற்றுபவை.

உணவகத்தில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10% சேவைக் கட்டணம், மற்றது 9% ஜிஎஸ்டி (2024 ஜனவரி முதல் இந்த விகிதம்). சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகுதான் வரி போடுவார்கள். 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு முதலில் 22 ஆகும், பில் வரும்போது 23.98. மற்ற கடைகள் ஜிஎஸ்டியைச் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும்; சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். சில சீன உணவகங்களில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத்துண்டும் வைப்பார்கள். இலவசம் இல்லை! வைக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹாக்கர் சென்டரில் (சிறு உணவுக் கடைகள் பல ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம்) சேவைக் கட்டணம் கிடையாது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைக்கு ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. அங்கே குடிக்கும் கோப்பி ஓவுக்கும் (பால் இல்லாத காப்பி) மாலில் குடிக்கும் காப்பிக்கும் விலை அவ்வளவு வித்தியாசப்படுவதற்குக் காரணம் கொட்டை அல்ல, இடம்.

பியர் கணக்கு தனி. அதிலுள்ள ஆல்கஹாலில் லிட்டருக்கு 60 வெள்ளி கலால் தீர்வை. 5% பியர், 330 மில்லி கேன் என்றால் ஆல்கஹால் 16.5 மில்லி, தீர்வை மட்டும் 99 காசு. அதன் தலையில் ஜிஎஸ்டி வேறு.

பக்கத்திலுள்ள மலேசிய மாநிலமான ஜொகூர் போய் மலிவாக அள்ளி வரலாம் என்று யாராவது சொல்வார்கள். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளிப் பொருள் வரை, அதற்கு மேல் தங்கினால் 500 வரை ஜிஎஸ்டி சலுகை உண்டு, சரிதான். ஆனால் வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்ற நீண்டகால அனுமதிகளில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. மலேசியாவிலிருந்து கொண்டுவரும் மதுவுக்கு யாருக்குமே தீர்வைச் சலுகை இல்லை.