பல்லாங்குழியும் டாக்பேக்கும்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. "இப்போதெல்லாம் போனே எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிடுகிறது, இனி பிரெயில் எதற்கு?" என்கிறார் உறவினர் ஒருவர். போனையே கற்றுக்கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போன் கொடுங்கள், தாராளமாக. ஆனால் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலுக்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள். பார்வையுள்ள பிள்ளைக்குக் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, பிஸ்கட் உறை என்று எங்கு திரும்பினாலும் எழுத்து கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும், உங்கள் மகளுக்கு எழுத்து விரல் வழியாகத்தான் வரவேண்டும். காதால் மட்டுமே படித்து வளரும் பிள்ளை அழகாகப் பேசும், பாடத்தை அப்படியே ஒப்பிக்கும், எழுதச் சொன்னால்தான் சிக்கல் தெரியும். 'மனம்', 'மணம்' இரண்டையும் போன் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கிறது, எந்த ன, எந்த ண என்று அவள் எங்கிருந்து தெரிந்துகொள்வாள்? எழுத்து எழுத்தாகவும் போனை வாசிக்க வைக்கலாம்தான், ஐந்து வயதுக் குழந்தை அப்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்காது.

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? குழந்தைக்கு முன்னால் நீளவாக்கில் வையுங்கள். மேலே உள்ள மூன்று வரிசைகளை, அதாவது ஆறு குழிகளை மட்டும் விட்டு, மீதியைத் துணியால் மூடிவிடுங்கள். இதுதான் பிரெயில் கட்டம். இடது பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6. முதல் குழியில் மட்டும் ஒரு புளியங்கொட்டை போட்டால் 'அ'. இடது பக்கம் மூன்றும் நிறைந்தால் 'ல', வலது பக்கம் மூன்றும் நிறைந்தால் 'ள', வலது மேல்குழியை மட்டும் காலியாக விட்டு மற்ற ஐந்தையும் நிரப்பினால் 'ழ'. நாக்கு குழப்புகிற மூன்று எழுத்தும் விரலுக்கு எவ்வளவு தெளிவாக வேறு வேறாக இருக்கின்றன பாருங்கள்! எனக்கு இதைச் சொல்லித்தரும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும். புள்ளிகளை எண்ணாமலே அடையாளம் தெரிந்த பிறகு காகிதத்துக்குப் போங்கள்.

சரி, போன். ஆண்ட்ராய்டில், திரையில் விரல் படுவதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது, அமைப்புகளில் குறுக்குவழியை ஒருமுறை இயக்கி வைத்துவிட்டால், அப்புறம் ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் போதும். முதலில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் பழகுங்கள், இதைத் தவிர்க்கவே வேண்டாம், நீங்கள் தடுமாறும் இடத்தில்தான் அவளும் தடுமாறுவாள். முகப்புத் திரையில் நான்கு செயலிகளை மட்டும் விட்டு, மூலைக்கு ஒன்றாக வையுங்கள், நடுவில் இருப்பதைத் தேடுவதைவிட விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போவது சின்ன விரலுக்கு எளிது. குரல் தமிழில், வேகம் மெதுவாக. வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும், முதல் சில வாரத்துக்கு இந்த இரண்டும் போதும். இரட்டைத் தட்டு பல பிள்ளைகளுக்கு உடனே வராது, மேசையில் 'டக் டக்' என்று விளையாட்டாகப் பழக்குங்கள். தப்பான இடத்தைத் தொடும்போது அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள், "இப்போ என்ன சொல்லுது?" என்று கேளுங்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம்.

கேள்வி: முதல் வகுப்பில் படிக்கும் என் பையனுக்குக் குறைபார்வை. புத்தகத்தை மூக்கில் ஒட்டினாற்போல் வைத்துப் படிக்கிறான். கண் இன்னும் கெட்டுவிடுமோ என்று தள்ளி வைக்கச் சொல்கிறோம். உருப்பெருக்கி கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுகிறான்.
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: தள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் அவனுடைய பார்வை குறையாது, கிட்டத்தில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்பதை அவனே கண்டுபிடித்திருக்கிறான். கழுத்து வலிக்காமல் இருக்கச் சாய்மேசை ஒன்று வாங்கிக் கொடுங்கள். உருப்பெருக்கியைப் பாடப்புத்தகத்தோடு கொடுத்தால் அது அவனுக்கு இன்னொரு வீட்டுப்பாடம்தான். எறும்பு, நாணயம், அம்மாவின் புடவைக் கரை என்று அவனுக்குப் பார்க்க ஆசையுள்ள பொருளில் தொடங்குங்கள். கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பது விளையாட்டில் பிடிபட்டுவிட்டால் எழுத்துக்கு அவனே கொண்டு வருவான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள், பல பிள்ளைகள் அதனால்தான் தூக்கிப் போடுகிறார்கள். அப்படியானால் ஆசிரியரிடம் சொல்லி, ஒரு நாள் வகுப்பில் எல்லோர் கைக்கும் அந்த உருப்பெருக்கி போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.