பழைய தோட்டா கெட்டிக்கும் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி: மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் பித்தளைக் கருவி ஒன்று கிடைத்தது. கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் போன்ற தலை சுழல்கிறது. ‘12’ என்ற பொறிப்பும் ஒரு கடையின் பெயரும் உள்ளன. இது என்ன?

பதில்: காகிதத் தோட்டாவின் வாயை மடிக்கும் கருவி. வெடிமருந்து, அதன்மேல் அடைக்கும் தக்கை, ரவை எனும் சிறு ஈயக் குண்டுகள், மேல் அட்டை ஆகியவற்றை வரிசையாக நிரப்பியபின், தோட்டாவை நெம்புகோலால் தலைக்கு எதிராக அழுத்திச் சுற்றினால், கிண்ணத்தின் உள்ளே இருக்கும் சிறு முளைகள் காகித விளிம்பை உட்புறமாகச் சுருட்டி அட்டையின்மேல் படிய வைக்கும். 12 என்பது துப்பாக்கிக் குழலின் துளையளவு (போர்): ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம், அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பொறித்த பெயரை உடனே தயாரிப்பாளர் என்று கொள்ளாதீர்கள். ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற பட்டறைகள் செய்த கருவிகளைத் துப்பாக்கிக் கடைகள் தம் பெயரிட்டு விற்றதுண்டு. பித்தளையைத் துலக்காதீர்கள், மங்கிய முத்திரை அதோடு போய்விடும்.

கேள்வி: என் தக்கை வெட்டும் உளியில் 10 என்றுள்ளது. வீட்டில் இருந்ததோ 12 போர் துப்பாக்கி மட்டுமே.

பதில்: முரண்பாடு இல்லை. பித்தளைத் தோட்டாவின் சுவர் காகிதத்தைவிட மெல்லியது என்பதால் உள்விட்டம் பெரிதாகிறது. ஆகவே 12 போர் பித்தளைத் தோட்டாவுக்கு 11 அல்லது 10 அளவுத் தக்கையை வெட்டிச் செருகினார்கள். அந்த உளி, பித்தளைத் தோட்டா புழங்கிய வீடு என்று சொல்கிறது.

கேள்வி: மரப்பிடி போட்ட மருந்து அளவைக் கிண்ணத்தில் 3 டிராம் குறி உள்ளது. இன்றைய புகையற்ற மருந்தை இதில் அளக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் குறி புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்துக்கு உரியது. 3 டிராம் என்பது 5.3 கிராம் கருமருந்து நிரம்பும் கொள்ளளவு. அதே இடத்தில் அடர்ந்த புகையற்ற மருந்தை நிரப்பினால் துப்பாக்கிக் குழல் பிளக்கும்.

கேள்வி: மன்னிக்கவும், இதை ஏற்க இயலவில்லை. புகையற்ற மருந்துத் தோட்டாப் பெட்டிகளிலேயே ‘3 டிராம்’ என்று அச்சிட்டிருக்கிறார்களே?

பதில்: பெட்டியை மீண்டும் வாசியுங்கள், ‘3 டிராமுக்குச் சமம்’ என்றிருக்கும். 3 டிராம் கருமருந்து ரவைக்குத் தரும் வேகத்தை இத்தோட்டாவும் தருகிறது என்பதே அதன் பொருள்; உள்ளே உள்ள மருந்தின் எடையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கருமருந்துக்குப் பழகிய வேட்டைக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பட்ட வழக்கு அது. இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டுத்தான் பலர் இதே வாதத்தோடு வருகிறார்கள்.

கேள்வி: கொஞ்சமாக அளந்தால்?

பதில்: கூடாது. கிண்ணத்தை அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: துளையிட்ட சிறு கொக்கி, சாவிக்கொத்தில் மாட்டும் அளவு.

பதில்: பக்கவாட்டில் ஊசி நீண்டிருக்கும் பழைய ஊசித் தோட்டாவை, அந்த ஊசியைப் பற்றி வெளியே இழுக்க உதவுவது. 1830களில் பாரிஸின் லெஃபோஷோ பரப்பிய முறைக்கு உரியது.

கேள்வி: பித்தளையைப் பளபளப்பாக்க என்ன தேய்க்கலாம்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கருவிப் பெட்டிக்குள் நிரப்பிய தோட்டாக்கள் நான்கு உள்ளன. கேப்பை (அடிபட்டதும் பற்றி மருந்தை வெடிக்கச் செய்யும் சிறு மூடியை) மட்டும் கழற்றிவிட்டுக் காட்சிக்கு வைக்கலாமா?

பதில்: கழற்றும் கருவி வெடித்து முடிந்த கேப்புக்கானது. வெடிக்காத கேப்பை அதில் குத்தினால் அது கையிலேயே வெடிக்கும். தோட்டாக்களைத் தொடாமல் காவல்துறைக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்கோ தெரிவியுங்கள்.