டிஸ்க் எதுவும் போகவில்லை, பிறகு எதற்கு ரெய்டு சரிபார்ப்பு?
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் லினக்ஸ் சர்வர், மூன்று டிஸ்க் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) என்கிறீர்கள். ஆபத்து, யாரும் தொடாத பழைய ஃபைல்களில்தான். போன சீசன் கொள்முதல் கணக்கு இருக்கும் செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) கெட்டிருந்தாலும், படிக்கும்வரை தெரியாது. வேறொரு டிஸ்க் போய், புதியதைப் போட்டு ரீபில்டு (மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புதியதை நிரப்புவது) ஓடும்போதுதான் அது பல்லிளிக்கும்.

'செக்' என்ற சரிபார்ப்பை ஓட்டினால் எல்லா பிளாக்கையும் படித்து பேரிட்டியோடு (இழந்த டேட்டாவை மீட்கக் கணக்கிட்டு வைத்திருக்கும் தகவல்) ஒப்பிடும். படிக்க முடியாத செக்டரை மற்ற டிஸ்க்குகளை வைத்துத் திரும்ப எழுதிவிடும். பொருந்தாதவற்றை எண்ணி மட்டும் வைக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாக இல்லையென்றால் அவசரப்பட்டு 'ரிப்பேர்' கொடுக்காதீர்கள். எது தவறு என்று அதற்குத் தெரியாது. டேட்டாதான் சரி என்று நம்பி பேரிட்டியை மாற்றி எழுதும். முதலில் பேக்கப் எடுங்கள், அப்புறம் ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்வது), கேபிள் இரண்டையும் பாருங்கள்.

டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை இந்தச் 'செக்' தானாகவே தொடங்கும். சீசனில் இரவு ஷிஃப்ட் உண்டென்றால் நேரத்தை மாற்றிவையுங்கள், எடைச்சீட்டு போடுவது மந்தமாகும்.