வீட்டை விற்கும்போது எதையெல்லாம் சொல்லியே ஆக வேண்டும்? கேள்வி பதில்

வீடு விற்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் பொது, நடைமுறை தமிழ்நாட்டுக்கானது.

தாம்பரம் வாசகர்: அமெரிக்காவில் வீடு விற்கும்போது குறைகளை எழுதி ஒரு படிவம் தர வேண்டும் என்கிறாள் என் தங்கை. இங்கே அப்படி ஏதாவது உண்டா சார்?

படிவம் கிடையாது, ஆனால் கடமை உண்டு. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவைப் பாருங்கள். வீட்டிலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது என்றால், நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. "வாங்குறவர்தான் பார்த்து வாங்கணும்" என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மைதான். கண்ணுக்கு நேரே தெரியும் விரிசலை அவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தரைக்கு அடியில் இருப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்?

வேளச்சேரி வாசகர்: 2015 வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பூச்சு வேலை முடித்துப் பெயின்ட் அடித்துவிட்டோம். இதையும் சொல்ல வேண்டுமா?

அந்தப் பக்கம் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும், விசாரித்தால் தெரிந்திருக்கும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் நின்றது, அதனால் எது கெட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

பெயின்ட் அடிப்பது தப்பில்லை. குறையை மூடுவதற்காகவே அடிப்பது வேறு விஷயம். நான் பார்த்த ஒரு தகராறில், ஹால் தூணின் அடியில் பூச்சு உப்பிக் கம்பி துருப்பிடித்திருந்தது. விற்றவர் வீட்டைக் காட்டுவதற்கு முந்தைய வாரம் அந்த இடத்தில் மரப் பலகை அடித்து அழகுபடுத்திவிட்டார். குடிவந்தவர் பிளக் பாயின்ட் வைக்கப் பலகையைக் கழற்றியபோது துரு கையோடு உதிர்ந்தது. தச்சரின் பில்லில் இருந்த தேதிதான் விற்றவருக்கு எதிராக நின்றது. கடைசியில் ரிப்பேர் செலவைக் கொடுத்து சமாதானமாகப் போனார். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடியில் சேர்க்கிறது. சும்மா இருந்துவிட்டவர், "நீங்கள் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று 19-வது பிரிவின் விதிவிலக்கைக் கேட்கலாம். பலகை அடித்து மூடியவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சேலம் வாசகர்: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து வீட்டை விற்கிறோம். தங்கையிடம் கையெழுத்து வாங்கவில்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே, போதாதா?

போதாது ஐயா. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். உங்கள் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அது சொல்லாது. அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே, திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தங்கையும் கிரயத்தில் கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக முறையாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரட்டும். அவருடைய பங்கை மறைத்து விற்பது வாங்குபவருக்கு மட்டும் அல்ல, கூடப் பிறந்தவருக்கும் செய்யும் அநியாயம்.

திருச்சி வாசகர்: பக்கத்து வீட்டுக்காரர் பொதுச்சுவர் தொடர்பாக வழக்குப் போட்டிருக்கிறார். முடிவதற்குள் விற்றுவிடலாமா?

விற்கலாம், ஆனால் சொல்லாமல் விற்கக் கூடாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வழக்கின் தீர்ப்பு வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். வழக்கு எண்ணை கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இப்போது நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டு யாரும் தேடலாம், எப்படியும் வெளியே வந்துவிடும்.

கோவை வாசகி: வீட்டில் ஒரு துர்மரணம் நடந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டுமா?

அக்கா, 55-வது பிரிவு பேசுவது சொத்திலும் உரிமையிலும் உள்ள குறையை. மரணத்தை அது தனியாகக் குறிப்பிடவில்லை, சாவு நடந்ததால் சுவரோ பத்திரமோ கெட்டுப்போவதும் இல்லை. நீங்களாகப் போய் சொல்லத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் சொத்து பற்றிய கேள்விகளுக்கு தெரிந்தவரை உண்மையாகப் பதில் சொல்வதும் அதே பிரிவில் உள்ள கடமை. நேராகக் கேட்டால் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களால் பேச முடியாவிட்டால் நம்பிக்கையான உறவினரைப் பேசச் சொல்லுங்கள்.

ஒசூர் வாசகர்: வங்கிக் கடன், கரன்ட் பில் பாக்கி, அனுமதி வாங்காத மாடி, மூன்றும் இருக்கிறது.

கடனைச் சொல்லுங்கள், வாங்குபவர் தரும் பணத்திலேயே அடைத்து, கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது பத்திரம் பதிவு செய்யலாம். விற்கும் நாள்வரை உள்ள வரி உங்கள் பொறுப்பு, கரன்ட் பில்லையும் நீங்களே கட்டிவிடுங்கள். மின்வாரிய விதியில் இடமிருந்தால் பழைய பாக்கியைப் புதிய உரிமையாளரிடமே கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாடி கண்ணுக்குத் தெரியும், அனுமதி இல்லாதது தெரியாது. பிளான் நகலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மதுரை வாசகர்: "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தப்பிக்கலாமா?

வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் 55-வது பிரிவின் கடமைகள் பொருந்தும் என்பதால் எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் தெரிந்தே மறைத்த குறையை அந்த ஒற்றை வரி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். குறையின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்: "ஹாலின் வடகிழக்குத் தூணில் கம்பி துருப்பிடித்துள்ளது, வாங்குபவர் அதை நேரில் பார்த்து, அதற்காக விலையும் குறைத்துப் பேசப்பட்டது." கீழே இரண்டு பேரும் கையெழுத்து. இப்படி எழுதாமல் விட்டால், மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கிரயத்தை ரத்து செய்யக் கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம். பத்திரம் எப்போது பதிவானது என்பதை வைத்து அந்தக் கணக்கு தொடங்காது.