பார்கின்சன் நோயில் கையும் மூட்டும் ஏன் வலிக்கின்றன, என்ன செய்யலாம்?

மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதுதான் பார்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். டோபமின் குறைந்தால் தசைகளுக்குப் போகும் கட்டளை குழம்பும். கையை மடக்கும்போது ஒரு தசை இழுக்க, எதிர்ப்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த நோயில் அது சரியாக விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கும் வாளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்தாவிட்டால் வாள் இறுகி நிற்கும், இருவர் தோளும் வலிக்கும். மூட்டும் அப்படித்தான் நாள் முழுக்க இழுபடுகிறது. சிலருக்கு நடுக்கம் வருமுன்பே தோள்வலி வந்துவிடும்.

நுவரெலியாப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் விறைப்பு இன்னும் தெரியும். முப்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மாவால் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையைச் சற்று நேரம் வைத்திருப்பார். (சூட்டை நான்தான் தொட்டுப் பார்ப்பேன்.) அப்புறம் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்குவார். பத்து நிமிடத்தில் பொத்தான் துளைக்குள் போய்விடும்.

மூளையில் டோபமினாக மாறும் மருந்தான லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கும்போது வலி கூடுகிறதா என்று நேரத்தோடு குறித்து கிளினிக்கில் காட்டுங்கள். வேளையையோ அளவையோ மாற்ற டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

வலிக்கிற கையை அசைக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அசைக்காமல் வைத்தால் விறைப்புத்தான் கூடும், ஆனால் மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.