துருவ ஒளியைத் தேடுவது

அன்புள்ள ஐயா,

துருவப் பகுதி வானில் தெரியும் துருவ ஒளி (அரோரா) பற்றிய உங்கள் குறிப்பில், செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுக்கும்படி அடுக்கிவைப்பது பெரிய வேலை என்று எழுதியிருந்தீர்கள். தேதிவாரியாக சர்வரில் ஏற்றிவிட்டால் போதாதா? மென்பொருள் துறையில் இருப்பவன் நான். இரண்டு நாள் வேலை என்றுதான் தோன்றுகிறது.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஏற்றுவது இரண்டு நாள் வேலைதான், சரி. தேட வருகிறவர் என்ன கேட்பார் என்பதில்தான் சிக்கல்.

2000 மார்ச்சில் நாசா ஏவிய 'இமேஜ்' செயற்கைக்கோள் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். மேலிருந்து பார்த்தால் துருவ ஒளி ஒரு வளையமாகத் தெரியும்; அந்த வளையம் பார்வைக்குள் இருக்கும்வரை சுற்றுக்கு ஒரு புற ஊதாப் படம். 2005 டிசம்பரில் தொடர்பு அறும் வரை இப்படியே எடுத்துத் தள்ளியது. (2018 ஜனவரியில் கனடாவில் ஓர் ஆர்வலர் வேறொரு செயற்கைக்கோளைத் தேடப்போய் இதன் சிக்னலைப் பிடித்தார். அது தனிக்கதை.) இந்தக் குவியலுக்கு வருகிற ஆய்வாளர் 'நள்ளிரவுப் பக்கத்தில் வளையம் சட்டென்று பிரகாசமாகும் தருணங்கள் வேண்டும்' என்பார். 1964இல் அகாசோஃபு என்ற விஞ்ஞானி தரைக் கேமராப் படங்களைக் கோத்து விவரித்த 'துணைப்புயல்' என்ற நிகழ்வு அது. தேதியை வைத்துக்கொண்டு அதை எப்படித் தேடுவீர்கள்?

வளையம் சுற்றி நிற்பது காந்தத் துருவத்தை, புவியியல் துருவத்தை அல்ல. ஆகவே படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்தக் காந்த அட்சரேகையில், சூரியனுக்கு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று கணக்கிட்டுக் கூடவே சேமிக்க வேண்டும். கேமரா பார்த்த திசையில் சிறு பிசகு இருந்தாலும் வளையமே இடம் மாறிவிடும். பகல் பக்கத்தில் சூரியனால் வளிமண்டலம் ஒளிர்வதையும் கழிக்க வேண்டும்.

அப்புறமும் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருந்தது. ஹரால்ட் ஃப்ரே குழுவினர் முதல் இரண்டரை ஆண்டுப் படங்களை அலசி, 2437 துணைப்புயல்கள் தொடங்கிய நேரத்தையும் இடத்தையும் பட்டியலிட்டு 2004இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளுக்கு வாசல் அந்தப் பட்டியல்தான். என்னைக் கேட்டால் தரவுத்தளமே அதுதான், படங்கள் அதன் பின்னிணைப்பு.

கணினியே வகைபிரித்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரளவு செய்யும், நாம் ஏற்கெனவே பெயரிட்டவற்றை மட்டும். 1981இல் ஏவிய 'டைனமிக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 1' அனுப்பிய படங்களில், வளையத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடுவதை லூயிஸ் ஃபிராங்க் குழுவினர் கண்டார்கள். கிரேக்க எழுத்து தீட்டாவைப் போல இருந்ததால் 'தீட்டா துருவ ஒளி' என்றார்கள். அதற்கு முந்தைய வருடம் நீங்கள் ஒரு தேடல் பெட்டி கட்டியிருந்தால், அதில் தீட்டா என்றொரு தெரிவு இருந்திருக்காது.

அதனால் தேடல் பெட்டியோடு, ஒரு நாளின் படங்களைச் சிறிசிறிதாக அடுக்கிச் சும்மா புரட்டிப் பார்க்கவும் ஒரு பக்கம் வையுங்கள். இடம் பற்றவில்லை என்று மங்கலான படங்களை அழித்துவிட வேண்டாம். ஒன்றும் நடக்காத இரவுகளைத் தேடியும் ஆள் வருவார்கள்.